நீலப் பாப்பியும் பிரம்ம கமலமும்: தேடுவதும் படமெடுப்பதும்

உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். அரிய பூக்களுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை போங்கள். மழைக்காலம்தான், ஆனால் பூக்களுக்கும் அதுதான் காலம். உள்ளே தங்க அனுமதியில்லை. பள்ளத்தாக்குக்கு அருகே தங்குமிடமுள்ள காங்கரியா கிராமத்திலிருந்து காலையிலேயே கிளம்புங்கள்.

நீலப் பாப்பியைப் புல்வெளியில் தேடாதீர்கள். பாறை இடுக்குகளிலும் கற்கள் சரிந்த ஈரச் சரிவுகளிலும் பாருங்கள். தண்டிலும் இலையிலும் வைக்கோல் நிற முட்கள் இருக்கும். வான்நீல இதழ்கள் பட்டுத்துணிபோல் கசங்கி, நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் தெரியும்.

பிரம்ம கமலத்துக்குக் காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் ஏரிக்குப் போகும் பாதையில் இன்னும் மேலே ஏற வேண்டும். நம் வீட்டுத் தொட்டிகளில் இரவில் பூக்கும் அதே பெயர்ச் செடி ஒரு கள்ளி இனம், இது வேறு. வெளிறிய காகிதம்போன்ற உறை, பூவின் இதழ் அல்ல; அதன் உள்ளே ஊதா நிறத்தில் இருப்பவையே பூக்கள்.

முதலில் இலை, தண்டோடு முழுச் செடியை எடுங்கள். இனம் காண அதுதான் உதவும். பிறகு நெருங்குங்கள்: லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 400 முதல் 800. ஷட்டர் வேகம் இதைவிடக் குறைந்தால் காற்றில் பூ ஆடி, படம் கலங்கும். பிரம்ம கமலத்தின் வெளிறிய உறை வெளுத்துப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். மேகமூட்டமே நல்ல வெளிச்சம்; வெயில் அடித்தால் உங்கள் நிழலைப் பூமேல் விழவிடுங்கள்.

கோணத்துக்காகப் பாதையை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். காலடியில் நசுங்குவது அடுத்த ஆண்டின் நாற்று.