அயனித் திரவ கேட்: மீக்கடத்திப் படலத்தை வோல்டேஜால் மாற்றுவது எப்படி

படலத்தின் மேல் ஒரு சொட்டு அயனித் திரவம் (அயனிகளால் மட்டுமே ஆன, திரவ நிலையில் இருக்கும் உப்பு), பக்கத்தில் ஒரு பிளாட்டினம் கேட் (வோல்டேஜ் கொடுக்கும் மின்முனை). சில வோல்ட் கொடுத்தால் அயனிகள் பரப்பை ஒட்டி, ஏறத்தாழ 1 நானோமீட்டர் இடைவெளியில் அணிவகுக்கும். சதுர செ.மீ.க்கு 10¹⁴ என்ற எண்ணிக்கையில் மின்சுமைகள் ஏறும். வழக்கமான சிலிக்கான் ஆக்சைடு கேட் 10¹³-ஐத் தாண்டவே திணறும். 2011-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒரு குப்ரேட் (செம்பு ஆக்சைடு மீக்கடத்தி) படலத்தின் மாறுநிலை வெப்பநிலையை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையை, 30 கெல்வின் வரை நகர்த்திக் காட்டியது இந்த முறையில்தான்.

இங்கே படலம் இரும்பு செலினைடு, திரவம் டெமே-டிஎஃப்எஸ்ஐ (DEME-TFSI) என்ற அயனித் திரவம்.

1. சாதனம். படலத்தை ஹால் பார் வடிவில் (பக்கவாட்டில் அளவீட்டு இணைப்புகள் கொண்ட நீளப் பட்டையாக) வெட்டுங்கள். கேட்டின் பரப்பு சேனலைப்போல (மின்னோட்டம் பாயும் படலப் பட்டை) குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும்; சிறியதானால் வோல்டேஜில் பெரும்பகுதி கேட் பக்கமே விழுந்துவிடும். திரவம் தொடும் இடத்தில் தங்கமும் பிளாட்டினமும் மட்டும். சில்வர் பேஸ்ட் பட்டால் அரித்து, கரைந்த வெள்ளி சேனல் வரை வந்துசேரும்.

2. ஈரம் நீக்கல். திரவத்தை வெற்றிடத்தில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வையுங்கள். தண்ணீர் மிஞ்சினால் அது மின்பகுப்பாகிப் படலத்தைத் தின்னும். சொட்டு வைப்பது காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸுக்குள்தான். சொட்டு மிகச் சிறியதாக இருக்கட்டும். மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்தால் இன்னும் நல்லது. தடித்த சொட்டு உறையும்போது சுருங்கிப் படலத்தையே பிய்த்துவிடும்.

3. வோல்டேஜ் ஏற்றல். பலர் தடுமாறுவது இங்கேதான். அறை வெப்பநிலையில் கேட்டைத் தொடவே தொடாதீர்கள். 220 கெல்வினுக்கு இறக்குங்கள்: அயனிகள் இன்னும் நகரும், வேதிவினையோ வெகுவாக மந்தமாகிவிடும். மெதுவாக ஏற்றி, மின்தடை நிலைகொள்ளும் வரை காத்திருங்கள். வோல்டேஜை எடுக்காமலே குளிர்வியுங்கள். 182 கெல்வின் வாக்கில் திரவம் கண்ணாடியாக இறுகிவிடும். அதற்குக் கீழே கேட்டை எவ்வளவு திருகினாலும் பலனில்லை. ஒவ்வொரு புது வோல்டேஜுக்கும் மறுபடி 220-க்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

கேட் மின்னோட்டத்தை விடாமல் பதிவு செய்யுங்கள். இதற்கு இரட்டைச் சேனல் கீத்லி 2636 போல பைக்கோஆம்பியர் அளக்கும் கருவியே ஏற்றது. ஏற்றி முடித்தபின் ஓட்டம் அடங்கவேண்டும். அடங்காமல் ஏறினால் வேதிவினை நடக்கிறது. இன்னொரு சோதனை: 220-இல் கேட்டைச் சுழியாக்கினால் மின்தடை பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். ஆக்சைடு படலங்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நேர் வோல்டேஜ் ஆக்சிஜனையே வெளியே இழுத்துவிடும். அதை மின்புல விளைவென்று எழுதிவிடக்கூடாது.

4. மெலிதாக்கல். ஏறிய சுமை மேலடுக்கிலேயே நின்றுவிடுவதால் தடித்த படலத்தில் விளைவு தெரியாது. இரும்பு செலினைடில், மேலே தவிர்க்கச் சொன்ன அந்த வேதிவினையையே பயன்படுத்தலாம்: 245 கெல்வின் வாக்கில் 5 வோல்ட் கொடுத்தால் படலம் மெல்ல அரிக்கும், மின்தடை ஏறும். 220-க்கு இறக்கினால் அரிப்பு நிற்கும். அளந்து பாருங்கள், மறுபடி அரியுங்கள். தடிமன் பத்து அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அமைப்பு) வாக்கில் வந்ததும், தடித்த பருப்பொருளில் 8 கெல்வினாக இருந்த மீக்கடத்தல் 40 கெல்வின் அருகிலேயே தொடங்கும்.

முடிந்ததும் 220-இல் கேட்டைச் சுழியாக்கி, பிறகே அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்.