ஸ்பாரிங் ஹெட்கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிக்காக இருவர் மோதிப் பார்க்கும்போது, ஹெட்கார்டு என்னும் மெத்தைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்போடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறானதைத்தான் வாங்குகிறார்கள். அந்த நினைப்பில் போகிறவரின் கண்ணுக்கு முதலில் படுவது, இருப்பதிலேயே பருமனாக உப்பியிருக்கும் ஒன்று. ஹெட்கார்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்று முதலில் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தானாகவே சரியாக அமையும்.

ஹெட்கார்டு நன்றாகச் செய்யும் வேலைகள் சில உண்டு. புருவம் கிழியாமல் பார்த்துக்கொள்ளும். நெற்றியும் கன்னமும் வீங்குவதைக் குறைக்கும். காது மடலைக் காப்பாற்றும். இருவர் தலையும் மோதிக்கொண்டாலோ, கால் வழுக்கிப் பின்மண்டை தரையில் பட்டாலோ அடியின் வேகத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், வேறு விஷயம். ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, தாடையின் ஓரத்தில் படும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மண்டை ஓடு திரும்பும் வேகத்துக்கு, உள்ளே திரவத்தில் இருக்கும் மூளையால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பும், உள்ளே தண்ணீர் பின்தங்கும். குடத்தைச் சுற்றி எவ்வளவு துணி கட்டினாலும் அதை மாற்ற முடியாது.

ஒலிம்பிக் குத்துச்சண்டையின் வரலாற்றிலேயே இந்தக் குழப்பம் தெரிகிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஹெட்கார்டு கட்டாயமாக வந்தது. 2013-ல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டை அமைப்பு, மேல்நிலை ஆண்கள் போட்டிகளில் அதை எடுத்துவிட்டது. 2016 ரியோவில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமல் மோதினார்கள், பெண்கள் அணிந்தே மோதினார்கள். எடுத்த பிறகு முகத்தில் வெட்டுக்காயங்கள் கூடின. மூளை அதிர்ச்சி குறைந்ததா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் ஓடுகிறது. இதைப் பார்த்து "அப்போ எனக்கும் வேண்டாம்" என்று முடிவு செய்வதும் தவறுதான். அது நடுவரும் மருத்துவரும் பக்கத்தில் இருக்கும் போட்டிக்கான விதி. வாராவாரம் நடக்கும் பயிற்சி ஸ்பாரிங்கில் புருவம் ஒருமுறை கிழிந்தாலே பல வாரப் பயிற்சி போய்விடும்.

பருமனில் ஏமாறுவது

பேடிங், அதாவது உள்ளே வைத்த மெத்தை, கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. அந்த அளவைத் தாண்டினால் மூன்று கேடுகள் வருகின்றன. தலையின் சுற்றளவு பெரிதாகிறது, அதனால் நூலிழையில் தப்பியிருக்க வேண்டிய குத்து உரசிக்கொண்டு போகிறது, உரசும் குத்து தலையைத் திருப்புகிறது. எடை கூடுவதால் கழுத்து சீக்கிரம் சோர்ந்துபோகிறது. மூன்றாவதுதான் மோசமானது: பார்வை குறைகிறது.

குத்து வருவது தெரிந்தால் உடம்பு தன்னாலே தயாராகும். தாடை இறங்கும், கழுத்துத் தசை இறுகும், தோள் மேலே வரும். தெரியாமல் வரும் அடியில் இவை எதுவும் நடக்காது. அதனால்தான் பார்க்காத அடிதான் ஆளைச் சாய்க்கும் என்று கோச்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல பார்வை தரும் நடுத்தரப் பருமனுள்ள ஹெட்கார்டையே எப்போதும் எடுப்பேன். முகத்தை மூடும் பெரிய ஒன்றை மாட்டிக்கொண்டு கீழிருந்து வரும் அப்பர்கட்டை வாங்கிக்கொள்வதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

மூக்கின் முன்னால் குறுக்குக் கம்பி உள்ள வகைக்கும் இது பொருந்தும். மூக்கு உடைந்து ஆறிக்கொண்டிருப்பவருக்கும், நாளை காமிரா முன் நிற்க வேண்டியவருக்கும் அது உதவும். எல்லாருக்கும் எப்போதும் தேவையானது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கம்பியை நம்பி, குத்தை விலக்காமல் முகத்திலேயே வாங்கப் பழகிவிடும் ஆபத்து உண்டு. இடது வலமாகப் படும் குத்துக்கு அது ஒரு நெம்புகோலாகவும் ஆகி, தலையை இன்னும் வேகமாகத் திருப்பலாம்.

அளவு பார்க்காமல் வாங்குவது

நடைமுறையில் அதிகக் கேடு செய்வது இந்தத் தவறுதான். விலை உயர்ந்த ஹெட்கார்டு தலையில் ஆடினால், சரியாகப் பொருந்தும் சாதாரண ஒன்றைவிட மோசமானது. ஒரு குத்து பட்டதும் அது கால்வாசி சுழன்று ஒரு கண்ணை மூடிவிடும். அடுத்த குத்து வந்துகொண்டிருக்கும்போது ஒற்றைக் கண்ணோடு நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். புருவத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே தொடங்கி, காதுக்கு மேலாகப் போய், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வர வேண்டும். அந்தச் சென்டிமீட்டர் எண்ணை அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருடைய மீடியம் இன்னொருவரிடம் லார்ஜாக இருக்கும், எழுத்தை மட்டும் நம்பக் கூடாது.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முடியைப் பயிற்சியின்போது எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொள்ளுங்கள். நீளமான முடி என்றால் பின்னல் எங்கே உட்காருகிறது என்பதே பொருத்தத்தை மாற்றிவிடும். பல்லைக் காக்கும் மவுத்கார்டைக் கடித்துக்கொண்டு போடுங்கள். அது வாயில் இருக்கும்போது தாடை கொஞ்சம் கீழே இறங்கும், வெறும் வாயோடு சரியாக இருந்த தாடை ஸ்ட்ராப் அப்போது தொண்டையை அழுத்தும். ஸ்ட்ராப்புகளை மாட்டிய பிறகு, இரண்டு கையாலும் ஹெட்கார்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கூடவே இழுபட்டால் சரி. தோல் அப்படியே இருக்க, ஹெட்கார்டு மட்டும் வழுக்கினால் அது உங்களுக்கு ஆகாது. முன்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள், பின்னாலிருந்து கண் பக்கமும் தள்ளிப் பாருங்கள். அப்புறம் தாடையை மார்போடு ஒட்டி, கைகளை முகத்துக்கு முன் உயர்த்திய கார்டு நிலையில் நில்லுங்கள். கண்ணை மட்டும் கீழே இறக்கினால் எதிராளியின் இடுப்பு தெரிய வேண்டும். தலையைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் ஒருவர் கையை ஆட்டினால் அசைவு தெரிய வேண்டும். கன்னப் பேடிங் துருத்திக்கொண்டு கீழ்ப்பார்வையை மறைத்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பத்து நிமிடம் கழற்றாமல் நிழல் குத்து, அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது, போட்டுப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. காய்ந்த தலையில் இறுக்கமாக இருப்பது வியர்த்தபின் வழுக்கலாம். உள்துணி வழவழப்பான ரெக்சினாக இருந்தால் இது கட்டாயம் நடக்கும். ஸ்வேட் போலச் சொரசொரப்பான உள்பக்கம் வியர்வையிலும் பிடித்து நிற்கும். வெல்க்ரோ மட்டும் உள்ளவை தாமே மாட்டிக்கொள்ள வசதிதான், ஆனால் முடியும் தூசியும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். கயிறு கட்டுபவை நன்றாகப் பொருந்தும், கட்டிவிட ஆள் வேண்டும். பக்கிள் உள்ள தாடை ஸ்ட்ராப் அதிகம் தளராது.

ஒரு கலைக்கு உரியதை இன்னொன்றுக்குப் போடுவது

டேக்வாண்டோ ஹெட்கார்டு வார்த்த ஃபோமால் ஆனது, முகம் திறந்திருக்கும், உச்சந்தலையையும் பின்தலையையும் நன்றாக மூடும். மேலிருந்து இறங்கும் கோடரி உதைக்கும், உதை பட்டுப் பின்னால் விழுவதற்கும் அது ஏற்றது. முகத்தில் கையால் குத்துவது அந்த விளையாட்டில் தடை என்பதால் கன்னத்துக்குப் பாதுகாப்பு இருக்காது. அதையே போட்டுக்கொண்டு கிக்பாக்ஸிங் ஸ்பாரிங்குக்குப் போனால் முகம் முழுக்கத் திறந்தே இருக்கும். குத்துச்சண்டை ஹெட்கார்டில் பலவற்றுக்கு உச்சந்தலை திறந்திருக்கும், அங்கே உதை பட்டால் காக்க ஒன்றும் இல்லை. மல்யுத்தத்தின் காதுக்கவசம் காதுக்கு மட்டுமே. கம்பு வீசும் சிலம்பம், பிலிப்பைன்ஸின் எஸ்க்ரிமா போன்றவற்றில் முழு வேகத்தில் மோதுவதற்கு முகத்தில் கம்பி வலை உள்ள கவசம் வேண்டும். மெத்தென்ற ஃபோமும் திறந்த கண்ணும் கம்பின் நுனிக்கு முன்னால் நிற்காது. சைக்கிள் ஹெல்மெட்டைப் பற்றி யாராவது கேட்டால், ஒரே வார்த்தையில் வேண்டாம். அதன் உள்ளே இருப்பது ஒருமுறை நசுங்கி உயிரைக் காப்பதற்கான பொருள், திரும்பத் திரும்ப அடி வாங்குவதற்கானது இல்லை. அதன் கடினமான ஓடு எதிராளியின் கையையும் உடைக்கும்.

போட்டிக்குப் போகிறவர்கள் அதை நடத்தும் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மற்றவர்கள் சோதனை முத்திரை இருக்கிறதா என்று உள்பக்கம் தேடலாம். தற்காப்புக் கலைத் தலைக்கவசத்துக்கு ஐரோப்பாவில் இ.என் 13277-4, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம் எஃப்2397 என்று தரநிலைகள் இருக்கின்றன. முத்திரை இருந்தால் அடி தாங்குவதைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள், மூளை அதிர்ச்சி வராது என்று பொருள் இல்லை.

காதை மறப்பது

காது மடல் அடியிலோ உரசலிலோ நசுங்கினால், குருத்தெலும்புக்கும் அதை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவே ரத்தம் தேங்கும். அந்தச் சவ்வு வழியாகத்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம் போகிறது. தேங்கிய ரத்தத்தைச் சீக்கிரம் வெளியேற்றாவிட்டால் காது முடிச்சு முடிச்சாக இறுகி, நிரந்தரமாக அப்படியே நின்றுவிடும். அதனால் காதுப் பகுதியில் பேடிங் இருக்க வேண்டும், ஆனால் அது மடலை மண்டையோடு அமுக்கக் கூடாது. காற்றுப் போகத் துளையும் வேண்டும். காதை அடைத்தபடி ஒரு அடி பட்டால் உள்ளே அகப்பட்ட காற்றின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கக்கூடும். கோச் சொல்வது காதில் விழுவதற்கும் அந்தத் துளைதான் வழி.

பிள்ளைகளுக்குப் பெரிதாக வாங்குவது

வளர்கிற பிள்ளைதானே, இரண்டு வருடம் வரட்டும் என்று ஒரு அளவு கூடுதலாக வாங்கும் பழக்கம் சட்டைக்குச் சரி. ஹெட்கார்டுக்கு இதை யாரும் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்குக் கழுத்து மெலிந்தது, உடம்போடு பார்க்கும்போது தலை பெரியது. கண்ணை மறைக்கும் கனமான ஒன்றை அவர்கள் தலையில் வைப்பது இருக்கிற சிரமத்தைக் கூட்டுவதுதான். இறுக்கமாகிவிட்டது என்று பிள்ளை சொன்னால் உடனே மாற்றிவிடுங்கள்.

பழசை நம்புவது

ஃபோமுக்கு ஆயுள் உண்டு. வெளித்தோல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே செத்துப்போயிருக்கலாம். நெற்றிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். குழி உடனே நிமிர வேண்டும். மெதுவாக நிமிர்ந்தாலோ, விரல் அடிவரை போய்விட்டாலோ அதை விட்டுவிடுங்கள். வெயிலில் நின்ற காரின் டிக்கியில் வைப்பதும், வாஷிங் மெஷினில் போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பயிற்சி முடிந்ததும் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். பயிற்சிக்கூடத்தின் பொது ஹெட்கார்டை மாற்றி மாற்றிப் போட்டால் படர்தாமரையும் வேறு தோல் தொற்றுகளும் பரவும். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

போட்டுக்கொண்டு பலமாக அடிப்பது

இது வாங்கும்போது செய்யும் தவறு இல்லை, வாங்கியதால் வரும் தவறு. இருவரும் ஹெட்கார்டு மாட்டியதும் அடியின் வேகம் கூடிவிடுகிறது. மவுத்கார்டு இல்லாமல் இறங்குகிறார்கள், மெல்லிய கிளவுஸோடு இறங்குகிறார்கள். ஸ்பாரிங்குக்குப் பெரியவர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது 16 அவுன்ஸ், சுமார் 450 கிராம் கிளவுஸ். எதிராளியின் மூளைக்கு உங்கள் கட்டுப்பாடு செய்யும் நன்மையில் பாதியைக்கூட ஹெட்கார்டு செய்யாது.

அடி பட்டபின் தலைசுற்றல், பார்வை மங்கல், நடந்தது மறந்துபோவது, தள்ளாட்டம், குமட்டல் என எது இருந்தாலும் அன்றைய ஸ்பாரிங் அத்தோடு முடிந்தது. "ஹெட்கார்டு போட்டிருந்தேனே, பரவாயில்லை" என்று அடுத்த ரவுண்டுக்குப் போகக் கூடாது. ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மயக்கம் போட்டாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் எழாத தூக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். திரும்ப எப்போது ஸ்பாரிங் செய்யலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.