உபுண்டு டச் போனோடு வடசென்னையில் காலம் தள்ளுவது எப்படி: முதல் முறை போடுகிறவர்களுக்கு

வீட்டில் பழைய ரெட்மியோ ஒன்பிளஸ்ஸோ சும்மா கிடக்கிறதா? டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது, பேட்டரியும் பரவாயில்லை, கம்பெனிக்காரன் அப்டேட் நிறுத்தித்தான் வருஷக்கணக்காகிறது என்றால் அதில் உபுண்டு டச் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஓடும் உபுண்டு லினக்ஸை போனுக்கு ஏற்றபடி மாற்றிய இயங்குதளம் இது. பணம் எதுவும் கட்ட வேண்டாம், கூகுள் கணக்கும் கேட்காது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "ஆப்பெல்லாம் இருக்குமா?" என்றுதான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஆளைப் படுத்துவது இரண்டுதான்: போன் பேசுவது, பணம் கொடுப்பது. இந்த இரண்டுக்கும் முதலிலேயே வழி பண்ணிக்கொண்டவர்கள் நிம்மதியாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் ஆண்ட்ராய்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுவோம்.

படி 1: எந்த சிம் என்று முடிவு பண்ணுங்கள்

ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான், 2ஜி, 3ஜி அவர்களிடம் கிடையாது. அதனால் ஜியோவில் பேச்சு முழுக்க வோல்டிஇ (4ஜி நெட் வழியாகவே போன் பேசும் முறை) வழியாகத்தான் போகும். உபுண்டு டச்சில் வோல்டிஇ ஒரு சில மாடல்களில் மட்டுமே வேலை செய்கிறது. மற்ற போன்களில் ஜியோ சிம் போட்டால் நெட் ஓடும், யூடியூப் ஓடும், ஆனால் யாராவது கூப்பிட்டால் மணி அடிக்காது. ஏர்டெல், வி இரண்டிலும் 2ஜி இன்னும் இருப்பதால் போன் பேசும்போது அது 2ஜிக்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். பேசி முடிக்கும் வரை நெட் நின்றுபோகும், அவ்வளவுதான்.

நான் சொல்கிற ஏற்பாடு இது. வங்கியில் கொடுத்திருக்கும் முக்கியமான நம்பரை ஒரு பட்டன் போனில் போட்டுவிடுங்கள், அழைப்பும் ஓடிபியும் அங்கே வரட்டும். உபுண்டு டச் போனில் ஒரு டேட்டா சிம் போதும். இரண்டு போன் தூக்கிக்கொண்டு திரிவதா என்று முதலில் சலிப்பாக இருக்கும். ஆனால் பட்டன் போனில் சார்ஜ் நாள்கணக்கில் நிற்பதால் அது ஒரு பாரமாகத் தெரியாது.

படி 2: பணம்

காசிமேட்டில் மீன் வாங்கினாலும் சரி, எம்.சி. ரோட்டில் துணி எடுத்தாலும் சரி, எங்கே பார்த்தாலும் கியூஆர் அட்டை. உபுண்டு டச்சில் யுபிஐ ஆப் கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்ட வேட்ராய்டு என்று ஒன்று இருக்கிறதே, அதில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். யுபிஐ ஆப் உங்கள் நம்பரைச் சரிபார்க்க அந்த போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வேட்ராய்டு என்பது உள்ளே தனியாக ஓடும் ஒரு பெட்டி, சிம் அதன் கண்ணிலேயே படாது. அப்புறம் எஸ்எம்எஸ் எங்கிருந்து போகும்? இது போதாதென்று பல வங்கி ஆப்கள் இது கூகுள் அங்கீகரித்த போன்தானா என்றும் சோதித்துப் பார்க்கின்றன. அதனால் இந்த வழியை நம்பி இறங்காதீர்கள்.

வழி அந்த பட்டன் போனிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் பட்டன் போன்களுக்கென்றே யுபிஐ 123பே கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்தே ஸ்டார் 99 ஹாஷ் (*99#) இருக்கிறது. நெட் இல்லாமலேயே டயல் செய்து, வரும் மெனுவில் எண்ணைத் தட்டிப் பணம் அனுப்பலாம். பின் நம்பர் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் அது காலாவதியாகும் மாதம், வருடமும் கேட்கும். கியூஆர் ஸ்கேன் மாதிரி வேகம் இருக்காது, பின்னால் வரிசை நிற்கும்போது இதைச் செய்ய முடியாது. அதனால் பையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு சிங்காரச் சென்னை கார்டு வாங்கிவிடுங்கள். விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் மெட்ரோவில் ஆப் இல்லாமல் போய் வரலாம், எம்டிசி பஸ்ஸிலும் 2025-லிருந்து அதையே எடுத்துக்கொள்கிறார்கள். கவுண்டரிலேயே பணம் ஏற்றிக்கொள்ளலாம். கரண்ட் பில்லை மின்வாரியத்தின் இணையதளத்தில் பிரவுசர் வழியாகக் கட்டிக்கொள்ளலாம்.

படி 3: உங்கள் போன் பட்டியலில் இருக்கிறதா?

உபுண்டு டச் எல்லா போனிலும் ஏறாது. ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து வேலை செய்து பொருத்தியிருக்க வேண்டும். உபுண்டு டச்சை இப்போது வளர்க்கும் யூபிபோர்ட்ஸ் அமைப்பின் இணையதளத்தில் மாடல் பட்டியல் இருக்கிறது. உங்கள் மாடலின் பக்கத்தைத் திறந்தால் கேமரா, புளூடூத், ஜிபிஎஸ், கைரேகை, வோல்டிஇ என்று எது ஓடும், எது ஓடாது என்று போட்டிருப்பார்கள். வரி விடாமல் படியுங்கள். கூகுள் பிக்சல் 3ஏ, ஒன்பிளஸ் 5, ரெட்மி நோட் 7, ரெட்மி நோட் 9 ப்ரோ எல்லாம் பட்டியலில் உண்டு.

பெட்டியில் அச்சடித்திருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இந்தியாவில் ரெட்மி நோட் 9 ப்ரோ என்று விற்றது வெளிநாட்டில் நோட் 9எஸ் என்ற பெயரில் விற்றது. வெளிநாட்டில் 9 ப்ரோ என்று விற்றது வேறொரு போன். ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி உள்ளுக்குள் ஒரு குறிப்பெயர் வைத்திருக்கும், அதுதான் கணக்கு. பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் அமைப்புகளில் "போனைப் பற்றி" பகுதியைத் திறந்து மாடல் எண்ணைப் பாருங்கள். போனில் பழைய ஆளின் கணக்கு பூட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சர்வீஸ் கடையில் போய் "அண்ணே, இதுல உபுண்டு டச் போடணும்" என்றால், "ரூட் பண்ணணுமா? விடு, ஐநூறு ரூபாய் ஆகும்" என்பார்கள். ரூட் என்பது ஆண்ட்ராய்டுக்குள்ளேயே முழு அதிகாரம் வாங்குவது, இது ஆண்ட்ராய்டையே எடுத்துவிட்டு வேறு போடுவது. இதைக் கடையில் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, நீங்களே செய்யலாம்.

படி 4: பூட்லோடரைத் திறப்பது

பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது எந்த இயங்குதளத்தை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவலாளி. அதைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். போட்டோ, காண்டாக்ட் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப்பை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.

"போனைப் பற்றி" பகுதியில் பில்ட் எண்ணை (ஷாவ்மியில் எம்ஐயுஐ பதிப்பு என்ற வரியை) ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் ஆன் பண்ணுங்கள். பிக்சலில் பெரும்பாலான வேலை இதோடு முடிந்தது. ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். மி கணக்கு ஒன்று தொடங்கி, சிம் போட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருந்தபடியே டெவலப்பர் பகுதியில் அந்தக் கணக்கை போனோடு இணைக்க வேண்டும். பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மி அன்லாக் என்ற மென்பொருளைப் போட்டு, போனை அணைத்து, பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்ப்பது போன்ற படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட், கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்க போன் காத்திருக்கும் நிலை. கேபிளைச் சொருகி அன்லாக் கொடுத்தால் உடனே திறக்காது, 168 மணி நேரம் கழித்து வா என்று சொல்லும், அதாவது ஏழு நாள். நடுவில் கணக்கை நீக்கித் திரும்ப இணைத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும், அதனால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாட்பாரத்தில் விற்கும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போனைக் கம்ப்யூட்டரில் சொருகினால் போட்டோக்கள் தெரிகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

படி 5: போடுவது

இத்தனைக்கும் பிறகு இதுதான் சுலபமான பகுதி. யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் என்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கிறது. அதைத் திறந்து உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து, ஸ்டேபிள் சேனலை (சோதித்து முடித்த நிலையான பதிப்பை) குறித்து, அது சொல்கிற பட்டனை அது சொல்கிற நேரத்தில் அழுத்தினால் போதும். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும், லேப்டாப்பிலும் இருக்கட்டும், நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உபுண்டு டச் ஹார்டுவேரோடு பேசுவதற்கு ஆண்ட்ராய்டின் டிரைவர்களையே பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் சில மாடல்களில் முதலில் குறிப்பிட்ட ஒரு ஆண்ட்ராய்டு பதிப்பு இருந்தாக வேண்டும். மாடலின் பக்கத்தில் அதை எழுதியிருப்பார்கள். ஷாவ்மி போன்களில் பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. அதைக் கவனிக்காமல் பழையதைப் போட்டால் போன் எழுந்திருக்காது. இணையத்தில் யாரோ கொடுத்த ஃபைலை எடுக்காமல், அந்தப் பக்கத்தில் சொன்ன பதிப்பை மட்டும் எடுங்கள்.

படி 6: முதல் நாள்

இதில் பேக் பட்டன் கிடையாது. இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ஆப் வரிசை, வலது ஓரத்திலிருந்து இழுத்தால் திறந்திருக்கும் ஆப்கள் சீட்டுக்கட்டு போல சாய்ந்து நிற்கும், மேலிருந்து இழுத்தால் வைஃபை, ஒலி, அறிவிப்புகள். ஓரிரு நாளில் கை பழகிவிடும், அப்புறம் ஆண்ட்ராய்டைத் தொட்டாலும் ஓரத்தைத்தான் இழுப்பீர்கள்.

ஆப்களுக்கு ஓப்பன்ஸ்டோர் இருக்கிறது. டெலிகிராமுக்கு டெலிபோர்ட்ஸ், வரைபடத்துக்கு பியூர் மேப்ஸ். இந்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு சந்து விடுபட்டிருந்தால் நீங்களே அதில் சேர்த்துவிடலாம், அதன் பிறகு அது எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் வேண்டுமென்றால் வேறொரு ஆண்ட்ராய்டு போனில் கணக்கை வைத்துக்கொண்டு, இங்கே அதன் வெப் வடிவத்தை இணைத்துப் பயன்படுத்த வேண்டும். அந்த மூல போனை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துபோகும், அதனால் வீட்டில் அம்மாவின் போனோ உங்கள் பழைய போனோ உயிரோடு இருக்கட்டும்.

வேட்ராய்டைப் பணத்துக்கு நம்பக் கூடாதே தவிர மற்றபடி அது நல்ல உதவி. அதற்குள் எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையைப் போட்டு அதிலிருந்து இண்டிக் கீபோர்டு எடுத்தால், அங்கே ஓடும் ஆப்களில் தமிழ்99 விசைப்பலகையிலேயே அடிக்கலாம்.

கேமராவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி போட்டுத் தந்த கேமரா மென்பொருள் போய்விடுவதால் அதே லென்ஸில் படம் சுமாராகத்தான் வரும். கல்யாணம் காட்சிக்கு வேறு போன் எடுத்துப் போங்கள்.

இது எத்தனை நாளைக்கு?

நியாயமான கேள்வி, ஏனென்றால் நாம் நிறைய சாவைப் பார்த்திருக்கிறோம். உபுண்டு டச்சே ஒரு முறை செத்துப் பிழைத்ததுதான். கேனோனிக்கல் நிறுவனம் 2013-ல் அறிவித்து, 2015-ல் முதல் போன் வந்து, அந்த ஆகஸ்டில் பிக்யூ அக்வாரிஸ் இ4.5 இந்தியாவில் ஸ்னாப்டீலில் ரூ.11,999-க்கு விற்பனைக்கும் வந்தது. 2017 ஏப்ரலில் கேனோனிக்கல் கைகழுவிவிட்டது. அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடந்ததால் யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு எடுத்துக்கொண்டு, 2023-ல் உபுண்டு 20.04 அடிப்படைக்கும் 2025-ல் 24.04 அடிப்படைக்கும் கொண்டுவந்துவிட்டது. பெற்ற கம்பெனி வளர்த்ததைவிடக் கூடுதல் காலம் இவர்கள் வளர்த்திருக்கிறார்கள்.

மற்றவற்றையும் பாருங்கள். 2014-ல் ரூ.1,999-க்கு இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்று ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் போன் வந்தது, அடுத்த வருஷக் கடைசியிலேயே மொசில்லா போன் வேலையை நிறுத்தியது. ஆனால் அந்த நிரல்தான் கய்ஓஎஸ்ஸாக மாறி, 2017-ல் ஜியோபோனில் ஏறி வீடு வீடாக வந்தது. நோக்கியா மீகோ என்ற இயங்குதளத்தை விட்டபோது வெளியே வந்தவர்கள் ஜோலா என்ற கம்பெனி தொடங்கி அதை செயில்ஃபிஷ் ஆக்கினார்கள், அதுவும் 2016-ல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் என்ற பெயரில் இங்கே வந்தது. விண்டோஸ் போனை எடுத்துக்கொள்ளுங்கள், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கம்பெனி, எத்தனை பேர் கையில் லூமியா இருந்தது! நிரல் பூட்டிக் கிடந்ததால் 2020 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது எடுத்து வளர்க்க யாராலும் முடியவில்லை. அதனால்தான் ஒரு இயங்குதளத்துக்கு எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதைவிட அதன் நிரல் யார் கையில் இருக்கிறது என்று நான் பார்க்கிறேன்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டில் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது. மாற்று இயங்குதளங்களுக்கு வழிவிட வேண்டும் என்ற பேச்சு இங்கேயும் உண்டு. நம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த பார்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை 2023 ஜனவரியில் அமைச்சர்களே சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் யுபிஐயும் வங்கிகளும் கூகுள், ஆப்பிள் என்ற இரண்டு கம்பெனிகளின் இயங்குதளத்தை மட்டும் நம்புகிற வரை இவை எல்லாம் இரண்டாவது போனாகத்தான் இருக்கும். ஒரு பொதுப் பணப்பரிமாற்ற வசதிக்கு இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பிரவுசரிலேயே யுபிஐ முழுதாக வேலை செய்ய வேண்டும் என்று வங்கிக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

திரும்பிப் போக வேண்டுமென்றால்

பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆண்ட்ராய்டு போட்டுக்கொள்ளலாம். ஷாவ்மிக்கு மி ஃப்ளாஷ், பிக்சலுக்கு கூகுளின் ஃப்ளாஷ் கருவி. ஆண்ட்ராய்டு முழுதாக ஏறி, ஒரு முறை ஆன் ஆகி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பூட்லோடரைப் பூட்ட வேண்டும். உபுண்டு டச் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் ஆன் ஆகாது. மி ஃப்ளாஷில் கீழ்வரிசையில் "எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு" என்பதுதான் ஏற்கெனவே தேர்வாகி நிற்கும், வேலை தொடங்குவதற்கு முன் அதை மாற்றி, பூட்டாமல் அழிக்கும் தேர்வுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.