எலிக்கு சரியாயிட்டுன்னு செய்தி வந்தா அதை எப்பிடி வாசிக்கணும்

எனக்க தங்கச்சி மகளுக்கு எம்பிஎஸ், அதாவது உடம்புல சில பொருள கரைக்கதுக்கு வேண்டிய என்சைம்ங்க புரதம் பொறவியிலயே இல்லாம, அந்த பொருள் செல்லுல தேங்கி போற பரம்பர நோய், நாலு வயசு, விரல் முழுசா நிமிராது, டம்ளர ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு தான் புடிப்பா. ராத்திரி பதினோரு மணிக்கு தங்கச்சிட்ட இருந்து வாட்சப் வரும், "அண்ணா, எலிக்கு ஜீன் தெரபில சரியாயிட்டாம், நம்ம பிள்ளைக்கு எப்ப கிடைக்கும்"னு. ஜீன் தெரபின்னா பழுதான ஜீனுக்கு பதிலா நல்ல ஜீன உடம்புக்குள்ள கொடுக்கது. இந்த மாதிரி செய்திய வாசிக்க நாங்க ரெண்டு பேரும் ஒரு முறை பழகி வச்சிருக்கோம். நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதே மாதிரி பிள்ளைய வச்சுகிட்டு தேடுதவங்களுக்காக அத எழுதுதேன்.

மொதல்ல என்சைம் பேர பாருங்க. பிள்ளைக்க ரிப்போர்ட்ல இருக்க என்சைமும் செய்தியில இருக்கதும் ஒண்ணு தானா? எம்பிஎஸ்லயே நெறய வகை இருக்கு, ஒண்ணுக்கு செஞ்ச மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது. அடுத்து அந்த என்சைம் எங்க வேல செய்யணும்னு கேளுங்க. பிகேயூன்னா, அதாவது சாப்பாட்டு புரதத்துல இருக்க பினைல்அலனின உடம்பால கரைக்க முடியாத நோய்னா, ஈரல்ல சரியானா பெரும்பாலும் போதும், அந்த நோய் உள்ள எலிக்கு ரோமம் வெளிறி இருக்கும், ஜீன சுமந்து போக மாத்தி வச்ச ஏஏவிங்க வைரஸ் வழியா ஜீன ஈரலுக்கு கொடுத்ததும் ரத்தத்துல பினைல்அலனின் எறங்கி ரோமம் கறுத்து வந்துச்சு, கண்ணால பாக்கலாம். எம்பிஎஸ் கத வேற. ஒரு செல் செய்த என்சைம் வெளிய வந்து பக்கத்து செல்லுக்கும் போகும், இத 1968லயே அமெரிக்க விஞ்ஞானி எலிசபெத் நியூஃபெல்ட் குழு கண்டாங்க, ஹர்லர், ஹண்டர்னு எம்பிஎஸ்ல ரெண்டு வகை, ஹர்லர் நோயாளி செல்லையும் ஹண்டர் நோயாளி செல்லையும் ஒண்ணா வளத்தப்ப ஒண்ணுக்கு இல்லாதத இன்னொண்ணு கொடுத்து ரெண்டும் தேறிச்சு. அதனால எல்லா செல்லுக்கும் ஜீன் போயி சேரணும்னு இல்ல, எனக்கு இதுல பெரிய நம்பிக்க உண்டு. ஆனா ஈரல்ல சொரக்கது மூளைக்குள்ள லேசுல போகாது. பேச்சிப்பாறையில தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்தா நம்ம கடைமடை வயலுக்கு வந்துதான்னு தானே பாப்போம், அது மாதிரி ரத்தத்துல என்சைம் கூடிச்சுன்னு மட்டும் எழுதியிருந்தா மூளையிலயும் எலும்புலயும் என்ன ஆச்சுன்னு தேடுங்க.

எலிக்கு எந்த வயசுல ஊசி போட்டாங்கன்னு கண்டிப்பா பாக்கணும், இத தான் நெறய பேரு விட்டுடுதாங்க. பல சோதனையில பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்ல போட்டிருப்பாங்க, நம்ம பிள்ளைக்கு நோய் இதுதான்னு தெரியவே ரெண்டு மூணு வயசு ஆயிருச்சு. எம்எல்டிங்க, மூளை நரம்பு கெட்டு போற பரம்பர நோய்க்கு 2020ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்ச ஜீன் சிகிச்ச கூட அறிகுறி வர்றதுக்கு முன்ன, இல்லன்னா தொடக்கத்துல இருக்க பிள்ளைங்களுக்கு தான். சின்ன பிள்ளைக்கு இன்னொண்ணும் இருக்கு, ஏஏவி கொண்டு போற ஜீன் பெரும்பாலும் குரோமோசோம்ல ஒட்டாம தனியா கெடக்கும், ஈரல் வளந்து செல் பெருகும்போது அது கொறஞ்சு போகும்.

டோஸ் கணக்க நீங்களே போடலாம். எலி ஒண்ணுக்கு பத்தாயிரம் கோடி வைரஸ் துகள்னு இருந்தா, எலி 25 கிராம், அப்ப ஒரு கிலோவுக்கு 40 எலி, நாலு லட்சம் கோடி துகள். எங்க பிள்ள 12 கிலோ, 48 லட்சம் கோடி. லேப் கவருக்க பொறத்தால இத எழுதி காட்டினப்ப தான் தங்கச்சிக்கு வெளங்கிச்சு, எலிக்கு போட்ட மாதிரி 480 மடங்கு மருந்து வேணும்னா செய்யதும் பாடு, உடம்பு தாங்குமான்னு பாக்கதும் பாடு. லேப் எலி சுத்தமான கூண்டுல வளந்தது, மனுசங்கள்ல நெறய பேருக்கு ஏஏவிக்கு எதிரான ஆண்டிபாடி ஏற்கனவே இருக்கும், இருந்தா மருந்து வேல செய்யாம போகலாம்.

எத்தன மாசம் பாத்தாங்கன்னும் கவனிங்க. எம்பிஎஸ் ஏழாம் வகை எலிக்குஞ்சுக்கு ஏஏவி கொடுத்து நல்லா தேறினதுல, வயசானப்ப சிலதுக்கு ஈரல்ல கட்டி வந்தது 2001ல தெரிஞ்சுது, மூணு மாசத்துலயே நிறுத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எலி மனுசன மாதிரி இருக்காது, டே-சாக்ஸ்ங்க, மூளையில கொழுப்பு தேங்குத நோயில கெட்டு போற ஜீன எடுத்த எலி பெருசா சீக்காகவே இல்ல, அதுக்க உடம்புல இன்னொரு என்சைம் சுத்து வழி போட்டு கொழுப்ப கரச்சிருச்சு. அதனால பூனை, ஆடு, நாய்னு பெரிய மிருகத்துலயும் பாத்திருக்காங்களான்னு தேடுங்க. ஜிஎம்1ங்க, அதே மாதிரி மூளையில கொழுப்பு தேங்குத நோய் உள்ள பூனை சிகிச்ச இல்லன்னா எட்டு மாசம் போல தான் இருக்கும், ஏஏவி கொடுத்த பூனைங்க வருசக்கணக்குல இருந்துச்சு, இந்த மாதிரி செய்திய நான் எடுத்து வைப்பேன்.

மனுசங்களுக்கு சோதனை நடக்குன்னு யாராவது சொன்னா, சிடிஆர்ஐங்க, இந்தியாவுல நடக்க மருந்து சோதனைய பதியுத அரசு பட்டியல்ல உள்ள பதிவு நம்பர் கேளுங்க, நம்பரும் சொல்லாம மருந்துக்கு லட்சக்கணக்குல கேட்டா விலகி வாங்க. எங்களுக்கும் ஒருத்தர் போன்ல அப்பிடி கேட்டாரு, நாங்க வச்சிட்டோம். இப்ப நடக்க என்சைம் ஊசி, பிசியோதெரபி, பிகேயூ பிள்ளைக்க சாப்பாட்டு கட்டுப்பாடு எதையும் செய்திய நம்பி நிறுத்தாதீங்க.

நமக்கு பக்கத்துல திருவனந்தபுரம் எஸ்ஏடி ஆஸ்பத்திரி அபூர்வ நோய்க்கான மையம், தேசிய கொள்கைப்படி இந்த மாதிரி மையங்கள் வழியா 50 லட்சம் வரை உதவி கேக்கலாம். போகும்போது என்சைம் அளவு ரிப்போர்ட், எந்த மாற்றம்னு எழுதின ஜீன் ரிப்போர்ட், எம்ஆர்ஐ படம் இருக்க சிடி தட்டு எல்லாம் ஒரே பைல்ல வைங்க. கூடவே ஒரு தாள்ல மாசாமாசம் பிள்ளைக்க எடைய தேதியோட எழுதி வைங்க, டாக்டர் கேக்கும்போது ஞாபகத்துல இருந்து சொல்ல வேண்டாம்.