ரெண்டு சுத்து வெட்டுறதுக்கு முன்னாடி

போன வைகாசியில் என் தங்கை மகன் பள்ளத்தூரிலிருந்து தன் 2014 ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். இறங்கியதும் இறங்காததுமாக முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுக் காட்டி, “மாமா, நாலு விரல் போகுது பாருங்க, அசிங்கமா இருக்கு. ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டி இறக்கி விடுங்க” என்றான்.

“எதுக்கு மாப்ளே, அழகுக்கா, ஓட்டுறதுக்கா?”

“ரெண்டுக்கும்தான் மாமா. இறக்கினா வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும்ல?”

அந்த ‘போகும்ல’வில்தான் சிக்கல். காரைக்குடியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கார் இறக்குகிற ஆசையோடு வருகிற பையன்கள் எல்லாரும் அழகும் பிடிமானமும் ஒரே போல்ட்டில் இருப்பதாக நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். 2006-ல் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தபோது, பழைய மாருதி ஜென் ஒன்றை வாங்கி, முன் ஸ்பிரிங்கில் ரெண்டு ரெண்டு சுத்தை கேஸ் கட்டரால் அறுத்து எறிந்தேன். நிற்கும்போது கார் புலி மாதிரி இருந்தது. வளைவில் திருப்பினால் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது, முன் டயர் வழுக்கியது. அங்கிருந்த பெரிய மெக்கானிக் என்னைக் காருக்கு அடியில் இருக்கும் பிட்டுக்குள் இறக்கி, “லோயர் ஆர்மைப் பாருடா” என்றார். அவர் காட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட். மேலே துள்ளலை அடக்கும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும், கீழே வீலைப் பாடியோடு பிடித்திருக்கும் ஒரே ஒரு லோயர் ஆர்ம். கம்பெனியிலிருந்து வரும்போது அந்த ஆர்ம் உள்பக்கம் உயரமாகவும் வீல் பக்கம் கொஞ்சம் தாழ்வாகவும் இருக்கும். வளைவில் வெளிப்பக்க வீல் மேலே அமுங்கும்போது ஆர்ம் படுக்கை நிலைக்கு வரும், ஆர்மையும் வீலையும் இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட் வெளியே நகரும். அதனால் டயரின் அடிப்பக்கம் வெளியே தள்ளப்பட்டு, முழு அகலமும் ரோட்டில் படியும். காரை அதிகமாக இறக்கினால், நிற்கும்போதே ஆர்ம் படுக்கையாகவோ வீல் பக்கம் தூக்கியோ இருக்கும். இனி வீல் மேலே போனால் பால் ஜாயின்ட் உள்ளே இழுக்கும். டயர் தன் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். பிடிமானம் போயிற்று.

இன்னொன்றும் நடக்கும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். ஆர்மின் சாய்வு மாறும்போது அந்தப் புள்ளி, பாடி இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். எடைமையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். காரை இறக்கி அந்த நெம்புகோலை நீளமாக்கியிருக்கிறோம். என் ஜென் ஏன் அதிகமாகச் சாய்ந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, இறக்குவதால் லாபமே இல்லையா என்றால், உண்டு, கொஞ்சம். சின்னக் காரின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 25 மி.மீ. இறக்கினால் வளைவில் உள் வீலிலிருந்து வெளி வீலுக்கு மாறும் எடை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான். தேய்ந்த டயரை மாற்றி, காற்றைச் சரியாக வைத்தாலே இதைவிட அதிகம் கிடைக்கும்.

ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஷாக்கின் பளபளப்பான ராடில், மேலே இருக்கும் டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டக் கீழே தள்ளி விடுங்கள். நாலு வீலுக்கும். இப்போது நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வழக்கமாகப் போகும் ரோட்டில் போய் வாருங்கள். ஷாக் அமுங்கும்போது டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அதற்கும், ராடின் உச்சியில் இருக்கும் ரப்பர் தடையான பம்ப் ஸ்டாப்பருக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடம்தான் உங்கள் கையிருப்பு. அதிலிருந்துதான் இறக்க முடியும். டை ரப்பரை முட்டிக்கொண்டு நின்றால் கையிருப்பு பூஜ்யம்.

மாப்ளேயிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி போய், அப்படியே பிள்ளையார்பட்டியில் கொழுக்கட்டைப் பிரசாதமும் வாங்கிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை பார்த்தால் பின்பக்கம் ரெண்டு டையும் ரப்பரில் ஒட்டிக் கிடந்தன. முன்பக்கம் 30 மி.மீ. போல மிச்சம்.

வேகத்தடைக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். ரோட்டுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய ரோட்டுக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. அப்படிக் கட்டியிருந்தால் ஸ்விஃப்ட்டின் முன் வீலும் பின் வீலும் ஒரே நேரத்தில் அதன்மேல் நிற்கும். நடுவில் மேடு காரின் வயிற்றை நோக்கி 4 செ.மீ. சொச்சம்தான் எழும். பயமே இல்லை. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட் குழைத்துப் போடும் தடைகளுக்கு எந்த அளவும் கிடையாது. ஒரு முழ அகலத்தில் 10 செ.மீ. உயரம் என்றால் அந்தப் பத்தும் வயிற்றுக்கே வரும். ஸ்விஃப்ட்டுக்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. ஐந்து பேர் ஏறி 40 மி.மீ. அமுங்கினால் 130. ரெண்டு சுத்து வெட்டி இன்னும் 65 மி.மீ. இறங்கினால் 65. கணக்கு அங்கேயே முடிந்தது. தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் கல் சாய்வு வேறு இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளை உயர்த்திக் கட்டியவர்கள் பம்பரை நினைத்துக் கட்டவில்லை.

சுத்து வெட்டுவது ஏன் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுத்துகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ். ஆறில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் விறைப்பு கூடும், ரெண்டை வெட்டினால் 50 சதவீதம். ஷாக்கோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. விறைத்த ஸ்பிரிங் துள்ளுவதை அதால் அடக்க முடியாது. குதிரை மாறியும் கடிவாளம் பழசாகவே இருக்கிற கதை. அதோடு ஸ்பிரிங்கின் நீளம் குறைவதால், வீல் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் லொடலொடவென்று கழன்று நிற்கும், திரும்ப அமரும்போது கோணலாக உட்காரும். இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். கேஸ் கட்டரால் அறுப்பது, சூடு காட்டி ஸ்பிரிங்கைத் தானாகச் சரியவைப்பது, இரண்டும் ஸ்பிரிங் எஃகின் பதத்தையே கொன்றுவிடும். நான் அறுத்த ஜென் ஸ்பிரிங் ஒன்று எட்டு மாதத்தில் உடைந்தது, நல்லவேளை வீட்டு வாசலில்.

கேபிள் டை சோதனையில் உங்களுக்கு இடம் இருக்கிறது, இறக்கியே தீர்வது என்றால், 25 மி.மீ., மிஞ்சிப்போனால் 30. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங்கை வாங்குங்கள். ஷாக் 50,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். உயரத்தை அளக்கும்போது வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து நாலையும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும்.

கழற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் ரெண்டு எதிரெதிராக மாட்டி இறுக்காமல் தொடவே கூடாது. அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளின் தாடையைத் தேடி வரும். வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது.

மாட்டும்போது பெரும்பாலான கடைகளில் செய்யும் தப்பு ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் போல்ட்டையும் பின் அச்சின் புஷ் போல்ட்டையும் கார் ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கி இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷில் இருக்கும் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையிறுக்கமாக விட்டு, வீல் தரையில் நின்று கார் எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்கச் சொல்லுங்கள். பிட் இருக்கும் கடையென்றால் சுலபம்.

பம்ப் ஸ்டாப்பரை வெட்டி இடம் உண்டாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது ஷாக் தன் அடியில் இரும்போடு இரும்பாக இடிக்காமல் இருக்க வைத்த தலையணை. புது ஸ்பிரிங்கோடு கம்பெனியே குட்டை ஸ்டாப்பர் கொடுத்தால் மாட்டுங்கள், பிளேடால் நீங்களாக அறுக்காதீர்கள்.

பின்பக்கத்தைப் பொறுத்தவரை ஸ்விஃப்ட் போன்ற கார்களில் ரெண்டு பின் வீலையும் இணைக்கும் டார்ஷன் பீம். உயரம் மாறினாலும் கேம்பரும் (வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) டோவும் (வீலின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பெரிதாக மாறாது. பழைய ஜென், 800 வகைகளில் ஒரே அச்சைப் பக்கவாட்டில் ஒரு ராட் பிடித்திருக்கும். இறக்கினால் அச்சு ஒரு பக்கம் சில மி.மீ. நகரும், பெரிய தொந்தரவில்லை. கவனிக்க வேண்டியது பிரேக்தான். சில கார்களில் பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பாடி தாழ்ந்தால் ‘ஆள் ஏறியிருக்கிறது’ என்று வால்வு புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காரை நிரந்தரமாக இறக்கிவிட்டால் வண்டி காலியாக இருக்கும்போதும் அதே அழுத்தம் போகும். மழைநாளில் பின் வீல் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். உங்கள் காரில் அந்தக் கம்பி இருந்தால், அதைத் திரும்ப செட் பண்ணத் தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

எல்லாம் முடிந்ததும் 100, 200 கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட். என் கடைக்கே வாருங்கள் என்று சொல்லவில்லை, எங்கேயாவது பாருங்கள். உயரம் மாறினால் முன் வீலின் டோ கட்டாயம் மாறும். டோ தப்பினால் புது டயரே சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கம் ரம்பம் மாதிரி தேயும். கேம்பர் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தால் பரவாயில்லை, இடதும் வலதும் ஒன்றாக இருக்கிறதா என்று பிரிண்டை வாங்கிப் பாருங்கள். ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பார்த்து உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்தில் இன்சூரன்ஸ்காரர் அளவு நாடாவோடு வந்தால் உங்கள் அழகு அங்கே செல்லாது.

அழகு மட்டும்தான் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. மாப்ளே காரில் இருந்தது 165/80 ஆர்14 டயர், மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. அதே ஸ்விஃப்ட்டின் உயர்ந்த வகையில் கம்பெனியே 185/65 ஆர்15 போட்டது. விட்டம் 621-தான். ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, கிளியரன்ஸ் குறையாது. டயர் 20 மி.மீ. அகலம் கூடும், பக்கச்சுவர் 12 மி.மீ. குட்டையாகும், ரிம் பெரிசாகும். மட்கார்டு இடைவெளி அப்படியேதான் இருக்கும், ஆனால் கண்ணுக்கு நிறைந்த மாதிரி தெரியும். பக்கச்சுவர் குறைவதால் ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும். ஓட்டுவதற்கு என்று அவன் கேட்ட பாதியும் இதிலேயே வந்துவிடுகிறது.

திருச்சிக்குத் தினமும் தனியாகவே போய்வரும் வாடிக்கையாளர் ஒருவருக்கு 25 மி.மீ. இறக்கிக் கொடுத்திருக்கிறேன், டை சோதனையில் அவருக்கு இடம் தாராளமாக இருந்தது. ஒரே குறை, அவர் வீட்டு ஆச்சி. முழங்கால் வலிக்காரர். “முன்னெல்லாம் உட்கார்ந்தேன், இப்ப விழுறேன்” என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

மாப்ளேக்கு 15 அங்குல ரிம்மும் டயரும், நாலு புது ஷாக்கும், கம்பெனி உயரமும். வளைவில் வித்தியாசம் தெரிகிறதா என்றேன். தெரிகிறது மாமா என்றான். ஆனாலும் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்க்கிறான். நாலு விரல் இன்னும் போகிறது.