கடப்பா மேடையில் எலுமிச்சை செய்த வேலை

எங்கள் சமையல் மேடை கறுப்புக் கடப்பா கல். எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். பிசுக்கு போனது, அடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு வந்தது! கடப்பா சுண்ணாம்புக்கல், புளிப்பு பட்டால் பளபளப்பை அரித்துவிடும். அது கறை இல்லை, சோப்புக்குப் போகாது.

ஹார்டுவேர் கடையில் 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடினால் சொரசொரப்பு குறையும்) ஒவ்வொன்று வாங்கினேன். மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, அதே வரிசையில் தேய்த்தேன். சாம்பல் நிறச் சேறு வழியும், துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். 400-இன் கீறல் மறையும் முன்பே 1500-க்குத் தாவக்கூடாது (ஓரத்தில் எனக்கு ஒரு கீறல் இன்னும் இருக்கிறது).

அப்புறம் நன்றாகக் காயவிட்டு, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பழைய வேட்டித் துணியால் தடவினேன். முக்கால்வாசிக் கறுப்பு திரும்பிவிட்டது. எண்ணெய் மட்டும் அவ்வப்போது தடவ வேண்டியிருக்கிறது.