மொத்தம் ஒத்துப்போனால் போதுமா? எக்செலிலிருந்து கிளவுடுக்கு மாறும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு ரேம்ப். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடம். மாத ரிப்போர்ட், மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐயில், அதற்கான கணக்கு எக்செலில். அந்த எக்செலைக் கழற்றிவிட்டு, மைக்ரோசாஃப்டின் கிளவுடில் இருக்கும் அஷூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸை மாட்டும் வேலை எனக்கு வந்தது. பழைய ரிப்போர்ட்டிலும் புதியதிலும் வருஷ மொத்தம் கிலோ பிசகாமல் வந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனதுதான் நான் செய்த முதல் தவறு.

தேதி புரண்டாலும் வருஷ மொத்தம் மாறாது, மாதங்கள்தான் உதைக்கும். ஆபீஸ் கணினியில் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால், ஏப்ரல் 3 என்று நினைத்து அடித்த 03/04/2024, மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024 என்று அடித்தால் 13ஆம் மாதம் கிடையாதே, எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஏற்றுவதற்கு முன் தேதி நெடுவரிசையை அகலமாக இழுத்துப் பாருங்கள். யாரும் கைவைத்து ஒதுக்காமல் இருந்தால், உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். இரண்டும் கலந்து கிடந்தால் அந்த ஃபைலை அப்படியே ஏற்றவேண்டாம்.

அடுத்தது நேரம். அஷூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸின் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். ஜூலை 1 காலை 7:40க்கு எடைமேடை ஏறிய லோரி, டேட்டாபேஸில் ஜூன் 30 இரவு 11:40 என்று பதிவாகும். காலை 8 மணிக்கு முன் வந்த லோரி எல்லாமே முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். நேரத்தை யூடிசியிலேயே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் நாள் பிரிப்பதற்கு முன் 8 மணி நேரம் கூட்டியாகவேண்டும்.

இதெல்லாம் ஒருநாள் வேலை. என்னை உண்மையில் திணறடித்தது நிறம். பழைய ஃபைலில் சில வரிகள் மஞ்சள், சில பச்சை. அழகுக்காகப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் கணக்கு இடிக்க, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அக்காவிடம் போய் நின்றேன். “மஞ்சள்னா லோரிக்காரருக்கு இன்னும் காசு கொடுக்கல தம்பி. பச்சைன்னா காய்க்குலை, கழிச்சாச்சு. இதுகூடத் தெரியாமலா ஏத்தின?” என்றார். டேட்டாபேஸுக்கு நிறம் தெரியாது. நிறம், ஓரத்தில் எழுதிய குறிப்பு, மறைத்து வைத்த வரி, இவை ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று, ஃபைலை நிரப்பியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தனித்தனி நெடுவரிசையாக்க வேண்டும். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது.

பெயர்களும் அப்படித்தான். எங்கள் ஊரையே ஒருவர் பெஸ்தாரி ஜெயா என்பார், பழைய ஆட்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்கள், அவசரத்தில் யாராவது பாதியாகச் சுருக்கி அடித்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் அவை மூன்று ஊர். ஆளின் பெயரில் ‘மகன்’ என்ற பொருளில் வரும் ‘ஏ/எல்’ ஒரு வரியில் பெரிய எழுத்து, இன்னொன்றில் சின்ன எழுத்து. எக்செலில் பெயரைத் தேடிப் பொருத்தும் விலுக்கப் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது, பவர் பிஐக்குத் தரவை எடுத்துத் தரும் பவர் குவெரியோ இரண்டையும் இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். பெயரை வைத்து இணைக்காதீர்கள், ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். ஐசி (அடையாள அட்டை) நம்பரை எண் வகையில் வைத்தால் 2001 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முன்னால் உள்ள பூஜ்யம் பறிபோகும், 12 இலக்கம் 11 ஆகிவிடும். அதை எழுத்து வகையில்தான் வைக்கவேண்டும். ரிங்கிட்டுக்கு டெசிமல் வகை வையுங்கள், ஃபுளோட் வகை வைத்தால் என்றாவது ஒருநாள் சென் இடிக்கும்.

ரிப்போர்ட்டைப் புதிதாகக் கட்டவும் வேண்டாம். டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு குவெரி (தரவை எடுக்கும் கட்டளை) போட்டு, அதன் முதல் சில வரிகளை எடுத்து, அட்வான்ஸ்டு எடிட்டரில் பழைய குவெரியின் தலைப்பகுதிக்குப் பதிலாக ஒட்டினால் போதும். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயர்களும் முன்பு இருந்தபடியே இருந்தால் ரிப்போர்ட்டின் கணக்குச் சூத்திரங்களான மெஷர்கள் பிழைக்கும். அதற்காகவே டேட்டாபேஸில், டேபிளை வேறு பெயர்களில் காட்டும் ஒரு வியூ எழுதி, பழைய பெயர்களையே அதில் வைத்தேன்.

யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் டேட்டாபேஸின் ஃபயர்வாலில் ஆபீஸ் ஐபியை (இணைய முகவரியை) சேர்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சாதாரண இணைய இணைப்பில் அது மாறும், ரிப்போர்ட் காலையில் புதுப்பிக்காது, தவுக்கே (முதலாளி) உங்களைத்தான் கூப்பிடுவார்.

ஒரு மாதமாவது பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுங்கள். மொத்தத்தை விடுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை லோரி, ஒவ்வொரு டிக்கெட்டிலும் எத்தனை கிலோ என்று ஒப்பிடுங்கள். அது முடிந்து முழுதாக மாறிய அன்றே பழைய ஃபைலைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். நான் பூட்டவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அக்கா இரண்டிலும் எழுதிக்கொண்டிருந்தார், எக்செலில் மட்டும் மஞ்சளும் சேர்த்து.